முகம் பார்த்த பிறகே அறிவித்தல்

செத்தவரின் முகத்தைப் பார்க்காமல் ராசு மைக்கைத் தொடமாட்டார். பெயர், வயது, தகனம் நடக்கும் நேரம் எல்லாம் எழுதிய துண்டை வீட்டுக்காரர் வாசல் படலையிலேயே வைத்து நீட்டினாலும், அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். தலைமாட்டில் எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முகத்தைப் பார்ப்பார். எழும்பும்போது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று ஒரு கண் ஓட்டுவார். பிறகு வெளியே வந்து, தன் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து, அப்போதுதான் தொண்டையைச் செருமுவார்.

"கோவிக்காதீங்கோ. கண்டாத்தான் எனக்கு வாய் வரும்" என்பார்.

வன்னியில், அக்கராயன் பக்கத்தில் யாரும் கோபிப்பதில்லை. வேறோர் ஊரில் ஓர் அறிவித்தல்காரர், தொலைபேசியில் வந்த செய்தியை நம்பி ஒரு பெரியவரைத் தெருத்தெருவாக அறிவித்துவிட்டார். மாலையும் கையுமாகப் போன சனத்தை அந்தப் பெரியவரே வரவேற்றார். அவர் முற்றத்துக் கதிரையில் சாய்ந்திருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாராம். "வாங்கோ, இருங்கோ. ஆர் மோசம் போனது?" என்று கேட்டாராம். அந்த அறிவித்தல்காரர் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார். அவருடைய வண்டி போகும்போது, "இண்டைக்கு ஆரண்ணை?" என்று பிள்ளைகள் இன்னமும் கேட்கிறார்கள்.

ராசுவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. உடம்பு மெலிவு. கழுத்து நரம்பு தெரியும். குரல் மட்டும் வேறு யாரோ ஒரு பருத்த மனிதரிடம் இரவல் வாங்கியதுபோல அடிவயிற்றிலிருந்து வரும். ஓட்டோவின் கூரையில் முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக ஒலிபெருக்கிக் குழல்கள். ஆசனத்துக்குக் கீழே பற்றறி. பின் ஆசனத்தில் சணல் சாக்கால் போர்த்திய அம்பிளிபயர். செத்தவீடு, கோயில் திருவிழா, கண் பரிசோதனை முகாம், கட்சிக் கூட்டம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் சனத்துக்குச் சொல்லவேண்டிய எதுவும் அந்தக் குழல்கள் வழியாகத்தான் போகிறது.

அவருக்கு மூன்று பேச்சு உண்டு. மைக்கில் பேசுவது புத்தகத் தமிழ். "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று அவர் இழுக்கும்போது, உழவு இயந்திரத்தில் போகிறவர்கள்கூட இயந்திரத்தை நிறுத்திக் காது கொடுப்பார்கள். றோட்டில் பேசுவது வன்னிப் பேச்சு. வீட்டுக்குள் மனைவி மீனம்மாவோடு பேசுவது மலைநாட்டுப் பேச்சு. அவருடைய தாயும் தகப்பனும் கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறி ஏறி வந்தவர்கள். ராசு அப்போது கைக்குழந்தை. லொறி நின்ற இடத்தில் ஒருவர் ஏறி நின்று, "இந்தக் காணி இனி உங்களுக்குத்தான்" என்று சத்தமாகச் சொன்னாராம். அந்தக் காணியில் தகப்பன் காடு வெட்டினார், கிணறு தோண்டினார், அங்கேயே கண்ணை மூடினார். காணிக்கு உறுதிப் பத்திரம் இன்னும் வரவில்லை.

ஆகவே ராசு எதையும் சும்மா ஏற்றுக்கொள்ளமாட்டார். மச்சான் கொண்டுவந்து தருகிற மீனானாலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். யாராவது தொலைபேசியில் "நான் சந்தியில நிக்கிறன், வாங்கோ" என்றால், "பக்கத்தில பஸ் நிக்குதோ? ஒருக்கா ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கோ" என்பார். மழை பெய்கிறது என்று வானொலி சொன்னால் கூரைக்கு வெளியே கையை நீட்டுவார். யார் என்ன புதினம் கொண்டு வந்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருக்கும்.

"கண்டனீங்களோ?"

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தயாளினி இதைச் சொல்லியே அவரைச் சீண்டுவாள். "ராசண்ணை, உங்கட கண்ணுக்கு முன்னாலதானே சீனி போட்டனான். பிறகும் ஏன் கரண்டியை விட்டுத் துழாவுறியள்? என்ன, ஓடியா போயிடும்?"

"போட்டதைக் கண்டனான் பிள்ளை. கரைஞ்சதைக் காணேல்ல."

இதில் சிரிப்பு மட்டும் இல்லை. போர்க்காலத்தில், ஒலிபெருக்கி சொன்ன இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று நம்பி, பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். எல்லோரும் போய்ச் சேரவில்லை. கூரையில் குழல் கட்டிய ஒரு வண்டி றோட்டில் போனால், அடுப்படியில் இருக்கிற பெண்கள் ஈரக் கையோடு படலைக்கு ஓடிவருவது இன்னமும் நிற்கவில்லை. அதனால் ராசு, அறிவித்தல் முடிந்ததும் மீனம்மாவின் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்த துணியால் இரண்டு குழல்களின் வாயையும் மூடிக் கட்டிவிடுவார். பச்சைத் துணி கட்டியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். துணி இல்லாமல் வந்தால் காது கொடுக்கவேண்டும். ராசுவின் வாயிலிருந்து வந்தால் அது நடந்ததுதான். இந்தப் பக்கத்துச் சனத்துக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

கட்சிக்காரருக்கும் அவர் மைக் பிடிப்பார். ஆனால் இடமும் நேரமும் வருகிறவர் பெயரும் மட்டும்தான் சொல்வார். அதையும் மண்டபத்துக்குப் போய், கதிரைகள் வந்து இறங்கிவிட்டனவா என்று பார்த்த பிறகுதான். "கொள்கையை அவங்களே சொல்லட்டும். எனக்குக் கதிரைதான் தெரிஞ்சது" என்பார்.

புதிய வரிச் சட்டம் வரப்போகிறது என்ற கதை ஊரில் அடிபடத் தொடங்கிய நாட்களில், சந்திக்குக் கதிர்காமநாதன் வந்தார். மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அமைப்பாளர் அவர். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் இரண்டு தொலைபேசிகள். வழக்கமாக ஓட்டோவுக்குள் இருந்தபடியே கையைக் காட்டிக் கூப்பிடுகிறவர், அன்றைக்கு இறங்கி வந்து தேத்தண்ணிக் கடை வாங்கிலில் ராசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தயாளினியிடம் இரண்டு பிளேன்ரீ சொன்னார். ராசுவுக்கு அப்போதே உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது.

"மூண்டு கூட்டம் வைக்கிறம், ராசு. பூநகரிப் பக்கம் ஒண்டு, கிளிநொச்சி ரவுணில ஒண்டு, கடைசியா இஞ்ச. சவுண்டும் அறிவித்தலும் உம்மட பொறுப்பு."

"என்ன விசயமா சேர்?"

"வரிச் சட்டம். சனத்துக்கு விளங்கப்படுத்தவேணும்."

ராசு தேநீரைத் துழாவினார். போன தேர்தலில் இதே கதிர்காமநாதன், இதே குழல்கள் வழியாக, "நாங்கள் வந்தால் வரியைக் குறைப்போம்" என்று முழங்கியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று காற்று வீசி, மேடைப் பதாகை கிழிந்து பேச்சாளரின் தலையில் விழுந்ததும் நினைவிருந்தது.

"அப்ப குறைக்கிறமெண்டு சொன்னனீங்கள்."

கதிர்காமநாதன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உமக்குச் சொல்லுறதுக்கென்ன. அரசாங்கத்திட்ட ஒண்டுமில்லை. வரி வராட்டி இந்த றோட்டு இப்பிடியே கிடக்கும், ஆஸ்பத்திரியில மருந்தும் இல்லை. சட்டம் நிறைவேறவேணுமெண்டா எங்கட எம்.பி. கை தூக்கவேணும். குறைக்கிறமெண்டு வாக்குக் கேட்டு வந்த மனிசன், கூட்டுறதுக்குக் கை தூக்கினா அடுத்தமுறை இந்தப் பக்கம் கால் வைக்கேலுமோ? சனம் தன்ர பின்னால நிக்குதெண்டு கண்டாத்தான் அவருக்குத் தைரியம் வரும். அதுக்குத்தான் கூட்டம்."

நியாயமான பேச்சுத்தான். ராசுவுக்கும் அந்த றோட்டில் ஓட்டோவின் எலும்பு முறிந்திருக்கிறது. அந்தக் கதையை இப்படியே மைக்கில் சொன்னால் என்ன என்று அவர் நினைத்தார். கேட்கவில்லை. அமைப்பாளர் எழும்பும்போது, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மருத மரத்தடியில் நின்ற ராசுவின் ஓட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல நிழல். அந்த இடத்தை ஓட்டோச் சங்கத்தோட கதைச்சு எடுத்துத் தந்தது ஆரெண்டு மறந்திடாதையும்."

தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார். ராசு அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

பூநகரிப் பக்கத்துக் கூட்டம் கடற்கரையோர மண்டபத்தில் நடந்தது. ராசு கதிரைகளைப் பார்த்தார், இடத்தையும் நேரத்தையும் அறிவித்தார், பிறகு அம்பிளிபயருக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். மீனவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கதிர்காமநாதன் மைக்கைப் பிடித்தார். "இந்தச் சட்டம் கடலுக்கு வராது. உங்கட வள்ளத்தையோ வலையையோ ஒருத்தரும் தொடமாட்டினம். ரவுணில கடை வைச்சிருக்கிறவைதான் இனிக் கட்டவேணும்" என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அடுத்த கூட்டம் கிளிநொச்சியில், வர்த்தகர்களுக்கு. மின்விசிறி சுழலும் மண்டபம், சோடாவும் கேக்கும். "சின்னக் கடைகளுக்கு இந்தச் சட்டத்தால ஒரு கரைச்சலும் இல்லை. ஏக்கர் கணக்கில வயல் செய்யிறவை, மில் வைச்சிருக்கிறவை இவ்வளவு காலமும் ஒண்டும் கட்டேல்ல. இனி அவைதான் கட்டவேணும்." கடைக்காரர்கள் சந்தோஷமாகக் கேக்கைக் கடித்தார்கள்.

கடற்கரையிலும் ரவுணிலும் பேசியவர் ஒருவர். இரண்டு பேச்சையும் கேட்டவர்கள், அவரைத் தவிர, ராசுவும் ராசுவின் அம்பிளிபயரும்தான். வயரைச் சுருட்டும்போது ராசு தனக்குள் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். கடல் கடையைக் காட்டுகிறது. கடை வயலைக் காட்டுகிறது. வயலுக்கு எதைக் காட்டப்போகிறார்கள்?

அது மூன்றாம் கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் தெரிந்தது. கதிர்காமநாதன் வீட்டுக்கே வந்து ஒரு துண்டை நீட்டினார். இடம், நேரம், பெயர் எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வசனம் இருந்தது: விவசாயிகளுக்கு இந்தச் சட்டத்தால் எந்த வரியும் வராது.

"இதை நீர்தான் சொல்லவேணும்."

"இது கூட்டத்தில நீங்கள் சொல்லுறதெல்லோ சேர்?"

"கூட்டத்துக்குச் சனம் வந்தாத்தானே நான் சொல்லலாம்? கமக்காரர் அமைப்பில கேட்டனான். ஒருத்தரும் வரமாட்டினமாம். நான் சொன்னா நம்பமாட்டுதுகள். நீர் சொன்னா நம்பும். நாளைக்கு நானும் உம்மோட ஓட்டோவில வாறன்."

"சேர், அந்தச் சட்டத்தை நீங்கள் கண்டனீங்களோ?"

கதிர்காமநாதன் சிரித்தார். "இன்னும் எழுதி முடியேல்ல, ராசு. எழுதி முடிஞ்சாலும் ஆர் வாசிக்கிறது?"

"அப்ப உண்மையைச் சொல்லுவம். எல்லாரும் கொஞ்சம் கட்டவேண்டி வரும், றோட்டுக்கும் மருந்துக்குமெண்டு. அப்பிடியெண்டா நான் மைக்கில சொல்லுறன்."

"உண்மையைச் சொல்லி வரி போட்ட ஆள் இந்த நாட்டில இன்னும் பிறக்கேல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். துண்டு ராசுவின் கையில் இருந்தது.

குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மீனம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னங்க பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? சொல்லிட்டு வாங்களேன். மைக்குதானே சொல்லுது."

"மைக்குக்கு ஏது புள்ள வாயி?"

"அந்த மர நிழலு போயிருச்சுன்னா வெயில்ல எங்க கொண்டுபோய் வண்டிய போடுவீங்க? செத்த வீட்ட மட்டும் நம்பிச் சோறு திங்க முடியுமா? ஊருல தெனமுமா சாவுறாங்க?"

அவள் துருவலைச் சட்டியில் தட்டினாள்.

"வரி வராதாமில்ல! சீனியில இல்லாத வரியா, பருப்புல இல்லாத வரியா? சவுக்காரம் வாங்குறப்ப கட்டிக்கிட்டுத்தான இருக்கோம். புதுசா வராதுன்னா, பழச யாரு தூக்குனாங்க?"

"அதத்தான நானும் கேக்குறேன்."

"என்கிட்ட கேளுங்க, நல்லாக் கேளுங்க. அவருகிட்ட கேட்டீங்களா?"

மீனம்மா எழும்பிப் போகும்போது திரும்பிப் பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நெழலு வேணும். அதுக்காக நீங்க சொல்றத ஊரு நம்பாமப் போனா, அப்புறம் யாரு வீட்டுக்கு உங்கள கூப்புடுவாங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே பாத்துக்குங்க."

காலையில் ராசு மண்டபத்துக்குப் போனார். கதிரைகள் அடுக்கியிருந்தன. பச்சைத் துணியை அவிழ்த்தார். கதிர்காமநாதன் பின் ஆசனத்தில் அம்பிளிபயரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஓட்டோ வாய்க்கால் றோட்டில் மெதுவாகப் போனது. "இன்று பிற்பகல் பொதுநோக்கு மண்டபத்தில்" என்று ராசு தொடங்கியதும் வழக்கம்போல் படலைகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன. செத்தவர் பெயர் வரவில்லை என்று தெரிந்ததும் தலைகள் உள்ளே போயின. படலைகள் மூடிக்கொண்டன.

"அந்த வசனம்" என்றார் பின்னாலிருந்து கதிர்காமநாதன்.

"வாறன் சேர்."

ராசு மறுபடியும் இடத்தையும் நேரத்தையும் சொன்னார். ஒரு வளைவு தாண்டியது. ஒரு மதகு தாண்டியது.

"ராசு, நான் விளையாடுறதுக்கு வரேல்ல."

செல்வநாயகத்தார் வீட்டுப் படலையில் ஓட்டோ நின்றது. செல்வநாயகத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே நரைத்தவர். விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் அவர் தலையாட்டினால் வாய்க்காலின் இரண்டு பக்கமும் தலையாட்டும். மண்வெட்டியும் சேறு படிந்த காலுமாகப் படலையில் நின்றார். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

ராசு மைக்கை வாயருகே கொண்டுபோனார். துண்டில் அந்த வசனம் சின்னதாகத்தான் இருந்தது. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அவருக்கு மருத மரத்தின் நிழல் தெரிந்தது, பஸ்ஸிலிருந்து பையோடு இறங்குகிறவர்கள் தெரிந்தார்கள். "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்றார். அடுத்த சொல் வரவில்லை.

"எட ராசு" என்றார் செல்வநாயகத்தார். "வயலுக்கு வரி வராதெண்டு கதைக்கினம். உண்மையோ?"

"அப்பிடித்தான் ஐயா எழுதியிருக்கு."

"எழுதினதை விடு. நீ கண்டனியோ?"

யாரோ சிரித்தார்கள். ராசு சிரிக்கவில்லை. அவருடைய கேள்வி முதல்தடவையாக அவரிடமே வந்து நின்றது. அவர் ஓட்டோவின் இயந்திரத்தை நிறுத்தினார். திரும்பி, மைக்கை இரண்டு கையாலும் கதிர்காமநாதனிடம் நீட்டினார்.

"நான் காணேல்ல ஐயா. இந்தச் சேர்தான் எம்.பி.யோட இருக்கிறவர். அவர் சொல்லுவார்."

கதிர்காமநாதன் மைக்கை வாங்கினார். வாங்காமல் இருக்க வழி இருக்கவில்லை. அதை வாயருகே கொண்டுபோனார். மேடையில் எத்தனையோ முறை சொன்ன வசனம்தான். ஆனால் மேடைக்கு முன்னால் கதிரைகள் இருக்கும், தூரம் இருக்கும். இங்கே செல்வநாயகத்தார் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் சொன்னதையும் ரவுணில் சொன்னதையும் கேட்ட மனிதர் முன் ஆசனத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூரைமேல் குழல்கள் திறந்தே இருந்தன. அமைப்பாளர் மூச்சை இழுத்தது வாய்க்கால் றோட்டின் கடைசித் தொங்கல்வரை கேட்டது. எச்சில் விழுங்கியது கேட்டது. தொண்டையைச் செருமியதும், சற்றுப் பொறுத்து இன்னொருமுறை செருமியதும் கேட்டது. வயலுக்குள் நின்ற கொக்குகள் எழும்பிப் போய் அடுத்த வயலில் இறங்கின. படலைகளில் நின்ற சனம் அசையாமல் நின்று அந்தச் செருமலைக் கேட்டது.

"எல்லாரும் கூட்டத்துக்கு வாங்கோ. அங்க ஆறுதலாக் கதைப்பம்" என்றார் கடைசியில்.

"விளங்கீட்டுது" என்றார் செல்வநாயகத்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயல் பக்கம் நடந்தார்.

ராசு இறங்கினார். கூரைமேல் கையை எட்டி, பச்சைத் துணியால் முன்குழலை மூடிக் கட்டினார். பிறகு பின்குழலையும். கதிர்காமநாதன் இறங்கி, தொலைபேசியை எடுத்து வேறோர் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

கூட்டத்தில் கதிரைகள்தான் அதிகம் இருந்தன என்று தயாளினி சொன்னாள். "நீங்கள் போய்க் கண்டனீங்களோ?" என்று ராசு அவளையும் கேட்டார். அடுத்த நாள் மருத மரத்தடியில் சங்கத்துப் புதுப் பையன் ஒருவனின் சிவப்பு ஓட்டோ நின்றது. ராசு தன் ஓட்டோவைத் தயாளினியின் கடைக்குப் பின்னால், வெயிலில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் விட்டார். அங்கே நின்றால் பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. மத்தியானத்தில் ஆசனம் தொடமுடியாமல் சுடும்.

"பேசாமச் சொல்லியிருக்கலாம், ராசண்ணை" என்றாள் தயாளினி.

"ஓம் பிள்ளை" என்றார் அவர். தேநீரை அன்றைக்கு நீண்டநேரம் துழாவினார்.

சட்டத்தின் வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது என்று வானொலி சொன்னது. பிறகு நாள் குறித்தார்கள் என்றது. பிறகு மறுபடியும் ஒத்திவைத்தார்கள் என்றது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வோர் உறுப்பினரும் தன் சனத்துக்கு வரி வராது என்றால்தான் கை தூக்குவேன் என்கிறாராம். "அப்ப ஆரு கட்டுறதாம்?" என்று மீனம்மா கேட்டாள். ராசு வானொலியை உற்றுப் பார்த்தார். அதற்கும் செவுள் இருந்தால் தூக்கிப் பார்த்திருப்பார்.

ஒரு நாள் காலை, அவர் கிணற்றடியில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. கதிர்காமநாதன்.

"ராசு... அம்மா மோசம் போயிட்டா."

பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. ராசு தொலைபேசியைக் காதோடு அழுத்தினார். தொலைக்காட்சி நாடகத்திலும் இப்படித்தான் அழுகிறார்கள். வாய்க்கால் றோட்டில் பட்ட அவமானத்துக்கு, தன்னை வீட்டுக்கு வரவழைத்து நாலு பேருக்கு முன்னால் ஏதாவது செய்யப்போகிறாரோ என்று அவருக்குப் பட்டது. அந்தச் சிவப்பு ஓட்டோக்காரனிடமும் இப்போது ஒரு குழல் இருக்கிறது. அவனை விட்டு ஏன் என்னை?

"பத்மாசனி அம்மாவோ, சேர்?"

"ஓம். அந்தப் பெடியனை விடலாமெண்டு தம்பி சொன்னவன். வேண்டாமெண்டிட்டன். அவன் சொன்னாச் சனம் திரும்ப ஆக்களை அனுப்பி விசாரிக்கும். நீர் வாரும்."

ராசு தொலைபேசியை வைத்துவிட்டு மீனம்மாவிடம் விசயத்தைச் சொன்னார்.

"செத்த வீட்டுலயுமா சந்தேகம் பாப்பீங்க? போங்க" என்று மீனம்மா அவருடைய வெள்ளைச் சட்டையை உதறிக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் அவர் பச்சைத் துணியை அவிழ்க்கவில்லை. குழல்களைக் கட்டியபடியே போனார்.

கதிர்காமநாதன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். லொறியிலிருந்து கதிரைகள் இறங்கின. ராசு கொடியைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார். கட்சிக் கூட்டத்துக்கும் கொடி கட்டுவார்கள், கதிரை இறக்குவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படலையடியில் நின்றார்.

கதிர்காமநாதன் வெளியே வந்தார். சவரம் செய்யாத முகம், வேட்டி, மேலில் ஒரு துவாய். கையில் தொலைபேசியும் இல்லை, துண்டும் இல்லை. ராசு வழக்கமாகச் சொல்கிற அந்தக் கோவிக்காதீங்கோவைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதிர்காமநாதன் திரும்பி, அவருக்கு முன்னால் நடந்து, பெண்களை விலகச் சொல்லி, தாயின் தலைமாட்டுக்குக் கூட்டிப்போனார். ஈ மொய்க்காமல் முகத்தில் ஒரு வெள்ளைத் துணி போட்டிருந்தது. அவர் குனிந்து, தன் கையாலேயே அந்தத் துணியை விலக்கினார். ராசு குந்தியிருந்து பார்த்து முடிக்கும்வரை அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.